பயம் எண்ணெய் தேய்த்துக் குளித்த நாள்

ஒரு பயம் இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மாடி வீட்டில், எப்சிபா என்கிற பெண்ணோடு அது குடியிருந்தது. வாடகை கொடுத்தது எப்சியின் கணவன் ஜெயசிங். வீட்டை ஆண்டது பயம்.

தெருவில் போகிற வருகிற பயம் இல்லை அது. படித்த பயம். எப்சி எல்.கே.ஜி. சேர்ந்த அன்றே அவள் கையைப் பிடித்துக்கொண்டு கான்வென்ட்டுக்குள் நுழைந்து, அவள் பெஞ்சிலேயே இடம் பிடித்தது. அவள் படித்ததையெல்லாம் அதுவும் படித்தது. சிஸ்டர் ஸ்பெல்லிங் கேட்டு ஒவ்வொருத்தராக எழுப்பிக்கொண்டு வரும்போது, அவள் வயிற்றுக்குள் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் கல்லூரி, கல்யாணம் என்று வந்த பிறகு அதற்குச் சொல்லிக்கொள்ளும்படியான வேலை ஒன்றும் இல்லை. கேஸை மூடினோமா, கதவைப் பூட்டினோமா என்று கேட்டுக்கொண்டு ஓரமாகக் கிடந்தது.

பாப்பா பிறந்த அன்று அதற்குப் பதவி உயர்வு கிடைத்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஆட்டோவில் ஜெயசிங் டிரைவருக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டான். எப்சி பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மூலையில் ஒடுங்கினாள். பயம் மட்டும் நடுவில் கால் நீட்டி உட்கார்ந்து வந்தது. வீடு வந்ததும் முதல் ஆளாக இறங்கி, உள்ளே போய், சுற்றும் முற்றும் பார்த்து, "எல்லாத்தையும் மாத்தணும்" என்றது.

ஆள் பார்க்க ஒடிசல். உதடு எந்நேரமும் உலர்ந்து கிடக்கும். குதிகால் இரண்டும் வற்றிய குளம்போலப் பாளம் பாளமாக வெடித்திருக்கும். உட்கார்ந்தால் முழங்கால் 'கடக்' என்னும். எழுந்தால் இன்னொரு 'கடக்'. அதனாலேயே அது உட்காருவதில்லை. ஒரு வேலையைத் தொடங்கும், பாதியில் போட்டுவிட்டு இன்னொன்றுக்கு ஓடும், அதையும் போட்டுவிட்டு, "இந்த வீட்ல எல்லாத்தையும் நான் ஒரு ஆளாத்தான் பாக்க வேண்டியிருக்கு" என்று அலுத்துக்கொள்ளும். பசிக்கும்போது சாப்பிட நேரமிருக்காது. சாப்பிட உட்கார்ந்தால் பசி இருக்காது. தூக்கத்தைப் பற்றி அதனிடம் யாரும் பேசத் துணிவதில்லை.

அதன் முக்கியமான உத்தியோகம், பாப்பா பால் குடிக்கும்போது காவல் நிற்பது.

பாப்பா கண்ணை மூடி, கையைச் சுருட்டி, அப்போதுதான் குடிக்கத் தொடங்கியிருப்பாள். "மூச்சு விடுதாளா பாரு" என்று பயம் எப்சியின் காதில் சொல்லும். எப்சி பாப்பாவை விலக்கி, மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பாள். மூச்சு வரும். மறுபடியும் சேர்த்துக்கொள்வாள். "மூக்கு அமுங்குது." மறுபடியும் விலக்குவாள். "ஏப்பம் வரல. தோள்ல போடு." போடுவாள். "இப்ப சத்தமே இல்ல, ஏன்?" இப்படியே போகும். பாப்பா பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்த வீட்டில் ஒரு வேளை நிம்மதியாகச் சாப்பிட விடமாட்டார்கள் என்று அலுத்து, பாதி வயிற்றோடு தூங்கிப்போவாள்.

ஐப்பசி பிறந்ததும் தடுப்பூசி போடப் போன இடத்தில் நர்ஸ் பாப்பாவைத் தராசில் படுக்க வைத்தாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"எடை ஏறலையே. ரெண்டு வாரம் கழிச்சு புதன்கிழமை திரும்பக் கொண்டு வாங்க. அப்பவும் இப்படியே இருந்தா டாக்டர்ட்ட காட்டிட்டு, வேற பால் குடுக்கணுமான்னு பாக்கணும்" என்றாள். பிறகு எப்சியை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்க நேரத்துக்குச் சாப்பிடுதீயளா? தூங்குதீயளா?"

எப்சி வாயைத் திறந்தாள். அவளுக்கு முன்னால் பயம் அவள் வாயாலேயே பதில் சொல்லிவிட்டது.

"எல்லாம் கரெக்ட்டா நடக்குது சிஸ்டர்."

வீட்டுக்கு வந்ததும் பயம் நேராகப் போனிடம் போய் நின்றது. அந்த வீட்டில் போன்தான் அதிகம் படித்தது. எதை எங்கே படித்தோம் என்பதுதான் அதற்கு ஞாபகம் இருக்காது.

"பாப்பா எடை ஏறணும். எப்சி உடம்பு தேறணும். ஏதாவது சொல்லு" என்றது பயம்.

போன் தொண்டையைச் செருமிக்கொண்டது. "இலையுதிர் காலத்தில் ஆயுர்வேத முறைப்படி உங்களை நீங்களே பேணிக்கொள்வது எப்படி? தோழிகளே, இது காற்றின் பருவம். உலர்ந்த, குளிர்ந்த, ஓர் இடத்தில் நில்லாத காற்று உடம்புக்குள்ளும் புகுந்து வாதத்தைக் கிளப்பிவிடும். ஆகவே குளிர்ந்ததும் காய்ந்ததும் வேண்டாம். காதில் காற்று படவிட வேண்டாம். அலைச்சல் வேண்டாம். வெதுவெதுப்பான நல்லெண்ணெயை உச்சி முதல் பாதம் வரை தேய்த்துக் குளியுங்கள். சூடாக, குழைவாக, நெய் சேர்த்துச் சாப்பிடுங்கள். வேளைக்கு உறங்குங்கள். இலைகள் நிறம் மாறி உதிரத் தொடங்கியதும் இதைத் தொடங்கலாம்."

பயத்துக்கு மயிர்க்கூச்செறிந்தது. அது எதிர்பார்த்திருந்த உத்தரவு இதுதான். உடனே அதை இரண்டாகப் பிரித்தது. 'வேண்டாம்' என்று முடிகிறதையெல்லாம் ஒரு பக்கம் வைத்தது. அவற்றுக்குக் காத்திருக்கத் தேவையில்லை, பாதுகாப்புக்காக இன்றைக்கே தொடங்கிவிடலாம். எண்ணெய், நெய், உறக்கம் எல்லாம் இன்னொரு பக்கம். அவை இலை உதிர்ந்த பிறகு.

தடையெல்லாம் முன்கூட்டியே வந்துவிட்டது. சுகமெல்லாம் இலைக்காகக் காத்திருந்தது.

இலையுதிர் காலம் எப்படி இருக்கும் என்று பயத்துக்குத் தெளிவாகத் தெரியும். கான்வென்ட் இங்கிலீஷ் புத்தகத்தில் படம் போட்டிருந்தது. மரமெல்லாம் நெருப்புப் பிடித்த மாதிரி சிவந்திருக்கும். பூட்ஸ் போட்ட ஒரு சிறுமி சருகைக் காலால் எத்திக்கொண்டு போவாள். எப்சி பரீட்சையில், இலையுதிர் காலத்தில் நான் கம்பளிச் சால்வை அணிந்து நடந்து செல்வேன் என்று வியர்வை சொட்டச் சொட்ட எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறாள்.

ஆகவே பயம் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்தது. எதிரே வேப்பமரம் மழையில் நனைந்து பச்சைப் பசேலென்று நின்றது. "இன்னும் வரல" என்று சொல்லிவிட்டு ஜன்னலைத் தாழ்ப்பாள் போட்டது.

அன்றிலிருந்து அந்த வீடு இட்லிச் சட்டி ஆனது.

ஜன்னல்கள் எல்லாம் அடைத்தாகிவிட்டது. இடுக்குகளில் பழைய துணி. காயாத துணியெல்லாம் கூடத்துக் கொடியில் தொங்கின. எப்சியின் காதில் பஞ்சு, தலையில் ஸ்கார்ஃப், தோளில் ஆன்லைனில் வாங்கிய கம்பளிச் சால்வை. ஃப்ரிட்ஜைத் திறக்கக் கூடாது, பழம் குளிர்ச்சி, முறுக்கு காய்ந்தது, தயிருக்கு விசாவே இல்லை. பாப்பா இப்போதுதான் கண் அயர்ந்தாள் என்று எப்சி தலையணையில் கன்னம் வைக்கிற நேரத்தில், "காலைல எழுந்து வெந்நீர் குடிக்கணும். ஒழுங்கு முக்கியம்" என்று பயம் அவளை உலுக்கும். மற்ற வேளைகளில் எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று அது யோசித்துக்கொண்டிருப்பதற்குள் தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும். ஆறிப்போனால் குளிர்ச்சி. குளிர்ச்சி கூடாது. எடுத்து வை.

ஜெயசிங் வேலைக்குக் கிளம்பும்போது ஒரு நாள் கேட்டான். "எப்சி, அந்த ஒரு ஜன்னலையாவது திறந்து விடட்டா? மூச்சு முட்டுது."

"காத்து வந்துரும்ங்க."

"காத்து வரத்தானம்மா ஜன்னல் வச்சிருக்கான்."

"இது வேற காத்து."

ஜெயசிங் அவளைப் பார்த்தான். சால்வையைப் பார்த்தான். வேறு எதுவும் கேட்காமல் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு இறங்கினான். கல்யாணமாகி அவன் கற்றுக்கொண்டவற்றில் இது ஒன்று.

அடுப்படி அலமாரியில் நல்லெண்ணெய் பாட்டில் ஒன்று சீல் உடைக்காமல் உட்கார்ந்திருந்தது. அதற்கு எதிலும் அவசரம் கிடையாது. பேச்சுகூட மெதுவாக, இழுத்து இழுத்துத்தான் வரும்.

"என்னைய... திறக்கலாமா?" என்று அது தினமும் கேட்கும்.

"இலை விழட்டும்" என்று பயம் தினமும் சொல்லும்.

"எனக்கு ஒண்ணுமில்ல" என்று நெய் ஜாடி குறுக்கே பேசும். "நான் பாட்டுக்கு உறைஞ்சுட்டு இருப்பேன். ஆனா எப்சிப் பிள்ளை கன்னத்தைப் பாருங்க. எலும்பு தெரியுது."

"எனக்கே வேர்க்குது" என்றது கம்பளிச் சால்வை. "பனி விழுற ஊருக்குப் போறதா நினைச்சுல்லா பார்சல்ல ஏறுனேன். இங்க வந்து பாத்தா கொசு கடிக்கு."

பயம் அவற்றை மதிக்கவில்லை. கான்வென்ட் படிக்காத சாமான்களோடு என்ன பேச்சு.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜன்னலை யாரோ வெளியிலிருந்து தட்டினார்கள். பயம் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தது. மழைக் குளிரோடு வருகிற கூதல் காற்று நின்றுகொண்டிருந்தது. தலை முதல் கால் வரை நனைந்து, கூட இரண்டு தவளைச் சத்தத்தையும் கூட்டிக்கொண்டு.

"உள்ள விடேன். ஒவ்வொரு ஐப்பசியும் வருத ஆளுதான் நான்" என்றது கூதல்.

"நாங்க வேற ஒருத்தங்களுக்காகக் காத்திருக்கோம்."

"யாருக்கு?"

"இலையுதிர் காலத்துக்கு. சிவப்பு இலையோட வருவாங்க."

கூதல் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டது. "எங்கிட்ட ஈரம்தான் இருக்கு. இந்த ஊர்ல அவங்க வேலையையும் நாந்தான் பாக்கேன். வேணும்னா விசாரிச்சுக்கோ."

"ப்ளீஸ், காத்து உள்ள வருது. தள்ளி நில்லு" என்றது பயம்.

"நான் எங்க உள்ள வந்தேன்? நான் வெளிய நனைஞ்சுட்டு நிக்கேன். உள்ள சுத்திட்டு இருக்குத காத்து வேற" என்று சொல்லிவிட்டுக் கூதல் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டது.

பயத்துக்குச் சுருக்கென்றது. உள்ளே ஏற்கெனவே காற்று புகுந்துவிட்டதா? எந்த இடுக்கு வழியாக? அது கூடத்துக்கும் அடுப்படிக்கும் ஓடியது. எப்சி பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தாள். காலையில் போட்ட சோறு மேஜைமேல் மூடியிருந்தது. பயம் அதைப் பார்க்கவில்லை. போனிடம் ஓடியது.

"காத்து உள்ள வந்துட்டா எப்படிக் கண்டுபிடிக்கணும்? சீக்கிரம் சொல்லு."

போனுக்குச் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது. அது மூச்சு வாங்கிக்கொண்டே படித்தது. "வாதம் மிகுந்தவரின் அடையாளங்கள். உதடும் தோலும் உலரும். குதிகால் வெடிக்கும். மூட்டுகளில் சத்தம் கேட்கும். ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது. தொடங்கிய வேலை பாதியில் நிற்கும். பசி ஒழுங்காக இராது. தூக்கம் வராது. காரணமில்லாமல்..." அதோடு போன் அணைந்துவிட்டது.

"அடக்கடவுளே" என்றது பயம். "இப்படி ஒரு ஆள் இந்த வீட்ல இருக்கா? பாப்பா பக்கத்துல அண்ட விடக் கூடாது. யாருன்னு உடனே கண்டுபிடிக்கணும்."

அடுப்படிச் சாமான்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

பயம் தேடப் புறப்பட்டது. பாப்பாவின் பாதத்தைத் தொட்டுப் பார்த்தது, வெண்ணெய். இவள் இல்லை. ஜெயசிங்கின் தலையணையைப் பார்த்தது. நடுவில் தலை அமுங்கிய பள்ளம், ஓரத்தில் எச்சில் கறை. நிச்சயம் அவன் இல்லை. எப்சியைப் பார்த்தது. உதடு காய்ந்திருந்தது, கண் குழிவிழுந்திருந்தது. "இவளுக்கு லேசாத் தொத்தியிருக்கு. ஆனா மூல ஆள் இவ இல்ல. இவளுக்கு யாரோ குடுத்திருக்காங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே அடுப்படிக்குத் திரும்பி வந்தது.

"கொஞ்சம்... உக்காரு" என்றது எண்ணெய் பாட்டில்.

"எனக்கு நேரமில்ல."

"சும்மா... உக்காரேன்."

பயம் உட்கார்ந்தது. 'கடக்' என்றது. அடுப்படி முழுக்கக் கேட்டது.

"உன் காலக் காட்டு" என்றது எண்ணெய்.

"என் கால் எதுக்கு? இது வேலை செய்யுற கால். அப்படித்தான் இருக்கும்." பயம் குதிகாலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டது.

"அந்தக் 'காரணமில்லாமல்'னு போன் நிறுத்திச்சே" என்றது நெய் ஜாடி, "அதுக்கு மேல என்ன வரும்னு உனக்குத் தெரியுமா?"

பயத்துக்குத் தெரியும். ஸ்பெல்லிங்கோடு தெரியும். அது வாயைத் திறக்குமுன் கூடத்தில் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது.

எப்சி சுவரில் முதுகு சறுக்கிக் கீழே உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையும் பாப்பாவைச் சுற்றிப் பூட்டியிருந்தன. பாப்பாவுக்கு ஒன்றுமில்லை, விளையாட்டு என்று நினைத்துக் கண்ணை விரித்துப் பார்த்தாள். எப்சியின் முகம்தான் வெளிறி, உதட்டுக்கு மேலே வியர்வை அரும்பியிருந்தது.

பயம் அவள் முன்னால் போய் நின்றது. என்ன செய்வதென்று அதற்குத் தெரியவில்லை. வெளியிலிருந்து என்னவெல்லாம் உள்ளே வரக்கூடும் என்று அது யோசித்து வைத்திருந்தது. உள்ளே இருப்பவள் விழுந்தால் என்ன செய்வது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. ஜன்னலை மூடலாமா என்று பார்த்தது. எல்லாம் ஏற்கெனவே மூடியிருந்தன.

அப்போது மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. எப்சியின் அண்ணன் மனைவி கிரேசி, தூக்குச்சட்டியும் குடையுமாக ஏறி வந்தாள். பயம் அவசரத்தில் பூட்ட மறந்திருந்த கதவை முழங்கையால் தள்ளினாள்.

"ஏட்டி எப்சி, என்னட்டி இது? வீடா, பேக்கரி அடுப்பா? பிள்ளைய வேக வச்சுட்டு இருக்கியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தவள், எப்சி தரையில் கிடந்த கோலத்தைப் பார்த்ததும் தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "என்ன செய்யுது? விழுந்துட்டியா?"

"இல்ல மதினி. சும்மா உக்காந்தேன்."

"சும்மா உக்காந்த மூஞ்சியா இது? எப்ப சாப்பிட்ட?"

"காலைல..." எப்சி யோசித்தாள். "வெந்நி குடிச்சேன்."

"வெந்நி குடிச்சியா. வெந்நியக் குடிச்சு எந்தப் பிள்ளைபெத்தவ பெலத்தா? எனக்கும் பைத்தியம், உன் அண்ணனுக்கும் பைத்தியம், நீ படிச்சவ பாத்துக்கிடுவன்னு விட்டுட்டு இருக்கோம் பாரு." மதினி பாப்பாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். தூக்குச்சட்டி மூடியில் ரசத்தை ஊற்றி எப்சிக்குப் புகட்டினாள். அவளுக்கு முகத்தில் ரத்தம் ஊறும் வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் காதிலிருந்த பஞ்சை இரண்டு விரலால் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஜன்னல் தாழ்ப்பாளை நீக்கினாள்.

மாடிப்படியில் உட்கார்ந்திருந்த கூதல் எழுந்து வந்தது. உள்ளே வர அனுமதி கிடைத்த விருந்தாளிபோல ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கமே கொஞ்சம் தயங்கி நின்றது.

"சட்டியில வெந்நி போட்டுட்டு வாரேன். கொஞ்ச நேரம் கழிச்சு, எண்ணெய் வச்சு ஒரு முழுக்குப் போடு. ஸ்டூல்ல உக்காந்து குளி, கதவத் தாழ்ப்பாள் போடாத" என்றாள் மதினி.

"இன்னும் இலை உதிரல மதினி" என்று பயம் எப்சியின் வாயால் அவசரமாகச் சொன்னது.

"எந்த எலை?"

பூட்ஸ் போட்ட சிறுமியைப் பற்றி மதினியிடம் எங்கிருந்து தொடங்குவது.

"முருங்கை எலையச் சொல்லுதியா?" என்றாள் மதினி. "அது மழை பெஞ்ச நாளா பழுத்துப் பழுத்துக் கொட்டிட்டுத்தான கெடக்கு. உங்க மாடிப்படி பூராவும் அதான். நான் வழுக்கி விழப் பாத்தேன். நீ கீழ எறங்குனாத்தான தெரியும்."

ஜன்னலில் நின்ற கூதல் லேசாக ஊதியது. மாடிப்படியோரம் நின்ற முருங்கையிலிருந்து, நகக்கண் அளவு மஞ்சள் இலை ஒன்று சுற்றிக்கொண்டே உள்ளே வந்து, அடுப்படி வரை போய், எண்ணெய் பாட்டிலின் மூடிமேல் உட்கார்ந்தது.

பயம் குனிந்து பார்த்தது. "சின்னதா இருக்கு" என்றது. "சிவப்பும் இல்ல."

"ஆனா... உதிர்ந்திருக்கு" என்றது எண்ணெய்.

பயத்திடம் அதற்கு மேல் விதி எதுவும் கைவசம் இல்லை. போனும் அணைந்து கிடந்தது.

குளியலறைக்குப் போகும்போது அதற்குப் பெரிய தர்மசங்கடம். பாப்பாவோடு இருந்து மதினியைக் கண்காணிப்பதா, எப்சியோடு போவதா? மதினி ஒரு கையில் பிள்ளையை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் முறுக்கு டப்பாவைத் துழாவுகிற ஆள். ஆனால் வீடெல்லாம் சுற்றினாலும் பயம் குடியிருந்தது எப்சியின் உச்சந்தலையில். அவள் போனால் அதுவும் போகத்தான் வேண்டும்.

ஸ்டூலில் உட்கார்ந்ததும் அது எப்சியின் வாயால் கதவிடுக்கு வழியாகக் கேட்டது. "மதினி, பாப்பா மூச்சு விடுதாளா?"

"விடுதா. நீயும் விடு" என்று கூடத்திலிருந்து முறுக்குக் கடிபடும் சத்தத்தோடு பதில் வந்தது.

வெந்நீர்ச் சட்டிக்குள் நின்று சூடாகியிருந்த எண்ணெய், எப்சியின் உள்ளங்கையிலிருந்து உச்சிக்கு இறங்கியது. பயம் எழுந்து நின்றது. "மெதுவா, மெதுவா. இது சுத்தமான எண்ணெயா? சளி பிடிக்குமா? பால் கட்டுமா? புதன்கிழமைக்கு முன்னால இதெல்லாம் தேவையா?"

வாக்குவாதம் எண்ணெய்க்குப் பழக்கமில்லை. அதற்குத் தெரிந்தது வழிவதுதான். கேள்வி இருந்த இடத்திலெல்லாம் அது வழிந்தது. பயம் உச்சியைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தது, வழுக்கியது. காது மடலைப் பிடித்தது, அதுவும் வழுக்கியது. பிடரிக்குச் சறுக்கி, தோளில் கொஞ்சம் தொங்கி, முதுகுத்தண்டு வழியாக இறங்கி, கடைசியில் குதிகாலில் போய் விழுந்தது. எப்சி குனிந்து, வெடித்த பாளங்களுக்குள் விரலால் எண்ணெயைத் தேய்த்தாள். மாதக்கணக்காக அவள் தன் காலை அவளே தொட்டுப் பார்த்ததில்லை.

"ஆ" என்றது பயம்.

"வலிக்குதா?" என்றது எண்ணெய்.

"இல்ல" என்றது பயம். பிறகு, "அந்த இடத்துல இன்னொரு தடவ" என்றது.

சீயக்காய் போட்டு, வெந்நீர் ஊற்றி, துவட்டி வெளியே வந்தபோது மேஜைமேல் ஆவி பறக்கச் சோறு இருந்தது. நெய் ஜாடி தன் மூடியைத் தானே தளர்த்தி வைத்திருந்த மாதிரி இருந்தது. குழையப் பிசைந்து, மிளகு ரசம் ஊற்றி, எப்சி தட்டு முழுவதும் சாப்பிட்டாள். முதல் வாய் சுட்டது. சூட்டோடு சாப்பிட்டு நாளாகிவிட்டது என்பது நாக்குக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பாதிச் சாப்பாட்டில் காரணமே இல்லாமல் அவளுக்கு அழுகை வந்தது. மதினி டி.வி.யைப் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டி.வி. போடவே இல்லை.

பிறகு எப்சி ஒருக்களித்துப் படுத்து, பாப்பாவை அணைத்துக்கொண்டாள். பாப்பா குடிக்கத் தொடங்கினாள்.

பயம் வழக்கம்போல் தலைமாட்டுக்கு வரப் பார்த்தது. கால் கனத்தது. கால்மாட்டிலேயே உட்கார்ந்தது. முழங்கால் 'கடக்' என்னவில்லை. "மூச்சு விடுதாளான்னு பாரு" என்று சொல்ல வாயெடுத்தது. வந்தது கொட்டாவி.

பாப்பா குடித்தாள். யாரும் விலக்கவில்லை. நம்ப முடியாமல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பவும் மூடிக்கொண்டு குடித்தாள். வயிறு நிறைந்ததும் தானாகவே வாயை எடுத்து, பால் வழியும் உதட்டோடு தூங்கிப்போனாள். எப்சி அதற்கு முன்பே தூங்கியிருந்தாள். கூதல் ஜன்னல் வழியாக மெல்ல உள்ளே வந்து, கொடியில் தொங்கிய துணிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு உலர்த்திவிட்டு, பயத்தையும் சேர்த்து மூன்று பேரையும் எழுப்பாமல் வெளியே போனது.

பயம் விழித்தபோது விளக்கு வைக்கிற நேரம். பதறி எழுந்தது. இவ்வளவு நேரம் காவலே இல்லை. பாப்பாவைப் பார்த்தது, மூச்சு வந்துகொண்டிருந்தது. சுவரைப் பார்த்தது, அது இடியாமல் நின்றிருந்தது. வேப்பமரம், முருங்கைமரம் எல்லாம் வைத்த இடத்தில் இருந்தன. மதினி கட்டிலுக்குக் கீழே பாய் போட்டு, முறுக்கு டப்பாவைக் காலி செய்துவிட்டுக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

தான் இல்லாமலே வீடு நடந்திருக்கிறது. பயத்துக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

புதன்கிழமை நர்ஸ் பாப்பாவைத் தராசில் படுக்க வைத்தாள். எப்சி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் இந்த முறை உதட்டைப் பிதுக்கவில்லை.

"ஏறியிருக்கே" என்றாள். "என்ன செஞ்சிய?"

எப்சி வாயைத் திறந்தாள். வழக்கம்போல் பயம் முந்திக்கொண்டது. "நல்லா கவனிச்சுக்கிட்டோம் சிஸ்டர்" என்றது.

அது வீட்டை விட்டுப் போய்விடவில்லை. எங்கே போகும், பாவம், எல்.கே.ஜி.யிலிருந்து ஒரே பெஞ்சு. இப்போதும் பாப்பா தும்மினால் முதல் ஆளாக ஓடி வரும். போனுக்குச் சார்ஜ் ஏறியதும் அதனிடம் ஏதாவது விசாரிக்கும். ஜன்னலைப் பாதி மூடிவிட்டு, கூதலிடம் "அவ்வளவுதான், அதுக்கு மேல வராத" என்று மிரட்டும்.

ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை எப்சி பாப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு, குளியலறை ஸ்டூலில் அது முதல் ஆளாகப் போய் உட்கார்ந்திருந்தது. எண்ணெய் பாட்டில் அதைப் பார்த்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்ன... இந்தப் பக்கம்?" என்று கேட்டது.

பயம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. குதிகாலை மட்டும் முன்னால் நீட்டியது.

"பாப்பாவுக்காகத்தான் தேய்ச்சுக்கிடுதேன்" என்றது.